மண்ணீரலில் பிறந்த ஒரு பெயரடை

ஆங்கில நூல் மதிப்புரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் 'ஸ்ப்ளெனெடிக்' என்ற பெயரடையை அவ்வப்போது எதிர்கொண்டிருக்கக்கூடும். அன்றாடப் பேச்சில் இச்சொல்லுக்கு அதிக இடமில்லை. பெரும்பாலும் எழுத்தையும் எழுதுபவரையும் குறித்தே இது வருகிறது. முதிய எழுத்தாளரின் நாட்குறிப்பு, பதவியிழந்த அமைச்சரின் நினைவுக்குறிப்புகள், சக கவிஞரைப் பற்றிய கடிதம், எதைக் கண்டாலும் முகஞ்சுளிக்கும் பயணநூல் போன்றவற்றில் ஊறிக் கிடக்கும் கசப்பையும் எரிச்சலையும் ஒரே சொல்லில் சுட்ட இதனைக் கையாள்கிறார்கள்.

தமிழில் இதற்கு ஈடு தேடினால் எளிதில் அகப்படுவதில்லை. 'சினமிகுந்த' என்பது பொருந்தாது. சினம் ஒரு காரணத்தால் எழுந்து, ஒருவரை நோக்கிப் பாய்ந்து, பின் அடங்குவது. 'சிடுசிடுப்பான' என்பது சற்று நெருங்கி வருகிறது. எனினும் அதில் வன்மத்தின் சாயல் இல்லை. 'வன்மம் நிறைந்த' என்று எழுதினாலோ சிடுசிடுப்பு விடுபட்டுப் போகிறது. மேலும் வன்மம் காத்திருக்கத் தெரிந்தது, மறைந்திருக்கத் தெரிந்தது. 'ஸ்ப்ளெனெடிக்' குறிக்கும் உணர்வுக்கு மறையத் தெரியாது. அது நாட்பட்ட கசப்பு. சிறு சீண்டலுக்கும் சீறி வெளியே வந்துவிடுவது. வந்தபின்னும் தீராமல் உள்ளே எஞ்சியிருப்பது.

இச்சொல்லின் அண்டை வீட்டுச் சொற்களோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு மேலும் துலங்கும். கடுமையான பேச்சைக் குறிக்க ஆங்கிலத்தில் 'அசெர்பிக்', 'காஸ்டிக்', 'விட்ரியாலிக்' முதலிய சொற்கள் உள்ளன. முதலாவது, கனியாத காயின் துவர்ப்பைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவதன் கிரேக்க மூலத்திற்கு எரிப்பது என்று பொருள். மூன்றாவது கந்தக அமிலத்தின் பழம்பெயரிலிருந்து பிறந்தது. இம்மூன்றும் பேச்சு கேட்பவரை என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றன: கேட்பவரின் நாக்கு கூசுகிறது, தோல் வேகிறது. 'ஸ்ப்ளெனெடிக்' அவ்வாறன்று. அது பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. பேசுபவரின் வயிற்றின் இடப்பக்கத்தில், விலா எலும்புகளுக்குக் கீழே உள்ள ஓர் உறுப்பைச் சுட்டிக்காட்டி, இவை அனைத்திற்கும் ஊற்றுக்கண் இதுவே என்கிறது. அவ்வுறுப்பு மண்ணீரல், ஆங்கிலத்தில் 'ஸ்ப்ளீன்'.

ஒரு மனிதரின் கசப்பை அவருடைய உறுப்பொன்றின் கோளாறாகக் காண்பது வெறும் உவமையாக முடிவதில்லை. அது ஒரு தீர்ப்பும் ஆகிவிடுகிறது. அத்தீர்ப்பு எவ்வாறு உருவாயிற்று, யார்மீது எவ்வாறு விழுந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் காண முற்படுவது.

தொடக்கம் மருத்துவத்தில் இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும், ஹிப்போக்ரட்டிஸின் பெயரால் வழங்கும் தொகுதியில் உள்ள 'மனிதனின் இயல்பு' என்ற நூல், உடலில் நான்கு நீர்மங்கள் உள்ளன என்றது: குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை தம் அளவில் நிற்கையில் உடல் நலமாக இருக்கும். ஒன்று மிகுந்தாலோ குறைந்தாலோ நோய். நம் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கோட்பாட்டை அறிந்த வாசகர்களுக்கு இந்தச் சிந்தனைமுறை அயலாகத் தோன்றாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென், இக்கோட்பாட்டைப் பின்வந்த பதினைந்து நூற்றாண்டுகளுக்கான சட்டமாகவே வகுத்துவிட்டார். ஈரலில் உருவாகும் குருதியின் கனத்த, கரிய கசடை மண்ணீரல் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. அந்தக் கசடே கரும்பித்தம். கிரேக்கத்தில் அதன் பெயர் 'மெலாய்னா கோலே'. துயரைக் குறிக்கும் 'மெலங்கலி' என்ற ஆங்கிலச் சொல் அதன் வழிவந்ததே. மண்ணீரல் தன் கடமையில் தவறினால் கரும்பித்தம் உடலெங்கும் பரவி, அதன் ஆவி தலைக்கேறி மனத்தை இருளச் செய்யும் என்று நம்பினார்கள்.

இன்றைய மருத்துவம் அறிந்தவரை கரும்பித்தம் என்றொரு நீர்மம் மனித உடலில் இல்லை. இல்லாத ஒரு பொருளைத் தேக்கிவைக்கும் பொறுப்பை ஓர் உறுப்பின்மீது சுமத்தி, அதற்கு ஒரு குணத்தையும் கற்பித்து, ஐரோப்பா ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உடன் வாழ்ந்தது. ரோமானியரான மூத்த பிளினி, மண்ணீரலைச் சிரிப்போடு தொடர்புபடுத்தினார்; அதை இழந்தவர் சிரிக்கும் திறனையும் இழப்பார் என்ற கருத்தைப் பதிவுசெய்தார். யூதர்களின் தால்முதிலும் சிரிப்பு மண்ணீரலுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. கசடை அகற்றுவது மண்ணீரலின் பணியாதலால், அது நன்கு இயங்கினால் மனம் தெளியும், சிரிப்பு பிறக்கும் என்று இவ்விரு நம்பிக்கைகளையும் இணைத்து விளங்கிக்கொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டு பொருளும் அருகருகே கிடக்கின்றன. 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் பணிப்பெண் மரியா வயிறு குலுங்கச் சிரிப்பதைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்துகிறாள். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் புரூட்டஸ், காசியஸின் நச்சுக் கோபத்தைக் குறிக்க அதே சொல்லைப் பயன்படுத்துகிறான். ஒஃபீலியாவின் கல்லறைக் குழியில் லேயர்டிஸோடு கைகலக்கும் ஹாம்லெட், தான் எளிதில் வெகுள்பவன் அல்லன் என்று சொல்லும்போது கையாள்வது நம் பெயரடையின் உடன்பிறப்பான 'ஸ்ப்ளெனிட்டிவ்' என்ற வடிவம். அக்கால ஆங்கிலத்தில் மண்ணீரல் என்பது மனத்தில் திடீரெனப் பொங்கும் எதற்கும் இருப்பிடமாக இருந்தது எனலாம்.

சிரிப்பு உதிர்ந்து கசப்பு மட்டும் எஞ்சியது அடுத்த நூற்றாண்டில். ராபர்ட் பர்ட்டனின் 'துயரின் உடற்கூறு' 1621இல் வெளிவந்தது. 1690இல் வில்லியம் டெம்பிள், கவிதை பற்றிய தம் கட்டுரையில் இங்கிலாந்தை மண்ணீரல் நோயின் நிலம் என்றே ஒப்புக்கொள்கிறார். மூடிய வானம், ஈரக்காற்று, அடிக்கடி மாறும் பருவம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆன் ஃபின்ச் 1701இல் இந்நோயைப் பற்றியே ஒரு நீள்கவிதை வெளியிட்டார். பெர்னார்ட் மாண்டவில் 1711இலும் ரிச்சர்ட் பிளாக்மோர் 1725இலும் மருத்துவ நூல்கள் எழுதினார்கள். அலெக்சாண்டர் போப் தம் 'குழற்கற்றைக் கவர்வு' காவியத்தின் 1714ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் மண்ணீரல் தேவதைக்கென்று ஒரு குகையே படைத்தார்.

மருத்துவர் ஜார்ஜ் செய்னே 1733இல் வெளியிட்ட நூலுக்கு 'ஆங்கில நோய்' என்று பெயர். இங்கிலாந்தின் வசதி படைத்தோரிடம் காணப்படும் நோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகை நரம்பு நோய்களே என்றார் அவர். செழித்த உணவு, உடலுழைப்பின்மை, நெரிசலான நகர வாழ்வு ஆகியவற்றை அவர் காரணங்களாக அடுக்குகிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, நோய் என்று சொல்லப்பட்டது மெல்ல ஓர் அந்தஸ்து அடையாளமாகிவிட்டதைத்தான். உழவனுக்கு மண்ணீரல் நோய் வருவதில்லை. வந்தாலும் அதை அப்பெயரால் அழைக்க மருத்துவர் வருவதில்லை. மென்மையான நரம்புகளும் கூர்மையான அறிவும் ஓய்வும் உடையவர்களுக்கே அது உரியது. ஜானதன் ஸ்விஃப்ட் இதைக் கண்டு நகைத்தார். 1726இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்க'ளின் நான்காம் பகுதியில், காரணமின்றி மூலையில் முடங்கி ஊளையிடும் யாஹூ என்ற விலங்கொன்று வருகிறது. கடும் வேலை கொடுத்தால் அதற்குச் சரியாகிவிடும் என்கின்றன அதை மேய்க்கும் குதிரைகள். சோம்பேறிகளையும் செல்வர்களையும் பீடிக்கும் மண்ணீரல் நோயின் விதை இதுவன்றோ என்று கலிவர் எண்ணிக்கொள்கிறார்.

இதற்கிடையே மருத்துவம் தன் வழியில் நகர்ந்துகொண்டிருந்தது. மண்ணீரலை அகற்றிய பின்னும் நாய்கள் உயிர்வாழ்வதை 17ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். மனநோய்களின் இருப்பிடம் வயிற்றிலிருந்து நரம்புகளுக்கு இடம்பெயர்ந்தது. நோய் மறைய, சொல் தனியே நின்றது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி இந்தத் திருப்பத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. இப்பெயரடைக்கு மண்ணீரல் நோயால் வருந்துபவர் என்று முதலிலும், எரிந்து விழுபவர், சிடுமூஞ்சி என்ற பொருளை அடுத்தும் அவர் தருகிறார். நோயாளியும் குணக்கேடரும் ஒரே சொல்லில் தோளோடு தோள் நிற்கிறார்கள். பிற்பாடு ஆங்கிலம் இருவரையும் பிரித்துவிட்டது. உறுப்பைக் குறிக்க மருத்துவர்கள் 'ஸ்ப்ளெனிக்' என்ற வேறொரு பெயரடையை வைத்துக்கொண்டார்கள். 'ஸ்ப்ளெனெடிக்' முழுமையாகக் குணத்திற்கு உரியதாயிற்று.

பிரான்சில் இச்சொல் வேறொரு வாழ்வை வாழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களின் விசித்திர நோயாக அங்கே சென்ற 'ஸ்ப்ளீன்', காரணமறியாத சலிப்பையும் துயரையும் மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1857இல் போதலேர் 'தீமையின் மலர்கள்' தொகுப்பின் முதற்பகுதிக்கு 'ஸ்ப்ளீனும் இலட்சியமும்' என்று பெயரிட்டு, அதில் நான்கு கவிதைகளுக்கு 'ஸ்ப்ளீன்' என்றே தலைப்பும் இட்டார். கால்வாயின் ஒரு கரையில் சொல் கவிதையாயிற்று, மறுகரையில் வசையாயிற்று. தமிழில் போதலேரை வாசித்துவிட்டு ஆங்கிலப் பெயரடைக்கு வருபவர்கள் தடுமாறுவது இதனால்தான். பிரெஞ்சுச் சொல்லில் எவர்மீதும் பகையில்லை. ஆங்கிலச் சொல்லில் பகை உண்டு.

அது வசையான கதையை ஒரு நூலை முன்வைத்துப் பார்ப்பது நல்லது. டொபையஸ் ஸ்மாலெட் ஸ்காட்லாந்தில் 1721இல் பிறந்தவர், நாவலாசிரியர், அறுவை மருத்துவம் பயின்றவர். 1741இல் கார்த்தகேனா நகர்மீது படையெடுத்துச் சென்று பேரழிவைச் சந்தித்த ஆங்கிலக் கடற்படையில் உதவி மருத்துவராகப் பணியாற்றினார். இதழாசிரியராகத் தம் பத்திரிகையில் ஒரு கடற்படைத் தளபதியைத் தாக்கி எழுதியதற்காக 1760இல் மூன்று மாதச் சிறையும் நூறு பவுன் அபராதமும் பெற்றார். ப்யூட் பிரபுவின் அரசை ஆதரித்து அவர் நடத்திய இதழ், ஜான் வில்க்ஸின் எதிரிதழால் கடுமையாகத் தாக்கப்பட்டு 1763இல் நின்றது. அதே ஆண்டு அவருடைய ஒரே மகள் எலிசபெத் பதினைந்தாம் வயதில் இறந்தாள். இருமலும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் அவரை அரித்துக்கொண்டிருந்தன. 1763 ஜூனில் மனைவியோடு பிரான்சுக்குப் புறப்பட்டவர் 1765இல்தான் திரும்பினார். அப்பயணத்தை 41 கடிதங்களாக எழுதி 1766இல் 'பிரான்சு, இத்தாலிப் பயணங்கள்' என்ற பெயரில் வெளியிட்டார். தாம் அவதூறுக்கும் கட்சிப்பகைக்கும் குடும்பத் துயருக்கும் ஆளாகி நாட்டை விட்டுப் புறப்பட்டதை முதற்கடிதமே சொல்லிவிடுகிறது.

அந்நூல் சிடுசிடுப்பானது என்பதில் ஐயமில்லை. விடுதிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், வண்டிக்காரர்கள் திருடுகிறார்கள், படுக்கைகள் நாறுகின்றன, பிரெஞ்சுக்காரர்கள் பூசிக்கொள்கிறார்கள், இத்தாலியர்கள் பொய் சொல்கிறார்கள். ரோமில் பாந்தியன் ஆலயத்தைக் கண்டு, கூரை திறந்த பெரியதொரு சேவற்சண்டைக் களம்போல் இருக்கிறது என்கிறார். பல பக்கங்களில் ஸ்மாலெட் நியாயமற்றவர். சில பக்கங்களில் சகிக்க முடியாதவர். பிலிப் திக்னெஸ் என்ற சமகாலப் பயண எழுத்தாளர், அந்நூலின் தலைப்பில் 'பயணங்கள்' என்பதை நீக்கிச் 'சண்டைகள்' என்று வைத்திருக்கலாம் என்று கேலி செய்தார்.

ஆனால் அவர் பெயரைக் காலத்திற்கும் கறைப்படுத்தியவர் லாரன்ஸ் ஸ்டெர்ன். 1768 பிப்ரவரி இறுதியில் வெளிவந்த 'உணர்வுவழிப் பயணம்' என்ற நூலில் ஸ்டெர்ன், 'ஸ்மெல்ஃபங்கஸ்' என்ற பாத்திரத்தை உலவவிட்டார். அது யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. மண்ணீரல் நோயோடும் மஞ்சள் காமாலையோடும் பயணம் புறப்பட்டவர் அவர். ஆகவே கண்ட பொருளெல்லாம் நிறம் திரிந்தே தெரிந்தது. அவர் எழுதியது பயணத்தின் வரலாறு அன்று, தம் துன்ப உணர்வுகளின் வரலாறு மட்டுமே என்கிறார் ஸ்டெர்ன். பாந்தியன் பற்றிய சேவற்சண்டைக் கள வாசகமும் அங்கே வருகிறது. இறுதியில், தாம் பட்டதையெல்லாம் உலகுக்குச் சொல்வேன் என்று ஸ்மெல்ஃபங்கஸ் கூவ, அதை மருத்துவரிடம் சொல்வது மேல் என்று கதைசொல்லி விடை கூறுகிறார்.

நம் பெயரடையின் முழு வரலாறும் இந்த ஒரு விடையில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உலகிடம் சொல்லப்பட்ட குறையை மருத்துவரிடம் திருப்பி அனுப்பும் சொல் அது. குறை சொல்பவர் நோயாளி என்று நிறுவப்பட்ட பின், அவர் சொன்ன குறையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இதில் கசப்பான முரண்கள் பல. ஸ்மாலெட் தாமே ஒரு மருத்துவர். அவர் தம் நோயை மருத்துவரிடம் சொல்லாமலும் இல்லை. மாம்பெலியே நகரில் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த ஃபீஸ் என்ற மருத்துவருக்குத் தம் நோய்க்குறிகளை லத்தீனில் விரிவாக எழுதி அனுப்பினார். பிரெஞ்சில் வந்த விடை, தாம் எழுதியதைச் சரியாக வாசித்ததாகவே தெரியவில்லை என்று நொந்துகொண்டார். 1763ஆம் ஆண்டின் குளிர்காலத்தை அதே மாம்பெலியேயில் கழித்த ஸ்டெர்ன், அவ்வூர் மருத்துவர்களின் கஞ்சிச் சிகிச்சையால் தம் உயிருக்கே ஆபத்து வந்ததாகத் தம் கடிதமொன்றில் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். அவரும் நுரையீரல் நோயாளி. தம் நூல் வெளிவந்து மூன்று வாரங்களில், 1768 மார்ச் 18 அன்று இறந்தார். நெஞ்சு நோயால் இருமிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர், மற்றவரை மண்ணீரல் நோயாளி என்றார்.

இனி, ஸ்டெர்ன் மருத்துவரிடம் திருப்பி அனுப்பிய நூலில் உண்மையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். பர்கண்டிப் பகுதியில் ஓர் உழவன், கழுதையையும் மெலிந்த பசுவையும் வெள்ளாட்டுக் கடாவையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதுகொண்டிருந்ததைக் கண்டதாக ஸ்மாலெட் எழுதுகிறார். பிரெஞ்சு உழவர்களின் வறுமையையும் அவர்கள்மீது விழும் வரிச்சுமையையும் பற்றிப் பலமுறை பேசுகிறார். அப்போது சார்டீனிய அரசின் ஆட்சியில் இருந்த நீஸ் நகரின் அருகே, வில்ஃப்ரான்ஷ் துறைமுகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட துடுப்படிமைகளைக் கண்டு மனம் வெதும்புகிறார். நீஸ் நகரின் தட்பவெப்பத்தை ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் குறித்து, அந்தப் பட்டியலை நூலின் இறுதியில் இணைத்தார். நோயாளிகள் குளிர்காலத்தைக் கழிக்க உகந்த ஊர் என்று ஆங்கிலேயர்களிடையே நீஸ் பெயர்பெற்றதில் அந்நூலுக்குப் பங்குண்டு. அவர் வசைபாடியதாகச் சொல்லப்படும் அந்நகரில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. எதையும் பாராட்டத் தெரியாதவர் என்பதும் பொய். போன் து கார் நீர்ப்பாலத்தையும் நீம் நகரின் பழைய ரோமானிய ஆலயத்தையும் அவர் வியந்து போற்றியிருக்கிறார்.

ஸ்டெர்னின் நூலிலும் ஒரு கழுதை உண்டு. இறந்துபோன தன் கழுதைக்காக அழும் ஒரு வழிப்போக்கனைக் கண்டு கதைசொல்லி நெகிழ்கிறார். அதிலும் ஒரு சிறைக்கைதி உண்டு. கூண்டில் அடைபட்ட மைனா ஒன்றின் குரலைக் கேட்டு, பாஸ்டீல் சிறையில் வாடும் கைதி ஒருவனைத் தம் கற்பனையில் வரைந்து, அந்தச் சித்திரத்தைத் தாங்கமாட்டாமல் கண்ணீர் விடுகிறார். ஸ்டெர்னின் கலை பெரியது. அந்நூலில் அங்கதமும் இழையோடுகிறது, அவர் தம் கண்ணீரைத் தாமே கேலி செய்துகொள்ளவும் அறிந்தவர். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கற்பனைக் கைதிக்காக அழுதவர் நல்லிதயம் படைத்தவர் என்று பெயர் பெற்றார். உண்மையான சங்கிலியைக் கண்டு எரிச்சலுற்றவர் மண்ணீரல் நோயாளி என்று பெயர் பெற்றார். மென்மை நற்குணமென்றும் எரிச்சல் நோயென்றும் ஒரு காலம் முடிவு செய்துவிட்டால், எதைக் கண்டு எரிந்தார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

ஸ்மாலெட் விடை எதுவும் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. 1771இல், தாம் இறந்த அதே ஆண்டில், 'ஹம்ஃப்ரி கிளிங்கர்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் நாயகரான மாத்யூ பிராம்பிள் எல்லாவற்றிற்கும் எரிந்து விழும் ஒரு முதிய நோயாளி. பாத் நகரின் புகழ்பெற்ற மருந்து நீரைக் குடிக்கச் செல்பவர், நோயாளிகள் உடல் கழுவும் நீர் குடிநீரில் கலக்கக்கூடும் என்று எண்ணி அருவருத்து ஓடுகிறார். ஒரு சிடுமூஞ்சியின் புலம்பலாக அதைக் கொண்டு நாம் சிரிக்கலாம். ஆனால் கழிவு கலந்த குடிநீர் நோய் பரப்பும் என்பதை நிறுவ மருத்துவத்திற்கு இன்னொரு நூற்றாண்டு தேவைப்பட்டது. பிராம்பிளின் எரிச்சலுக்கு அடியில் இளகிய மனம் ஒன்று இருப்பதை, அவரோடு பயணம் செய்யும் மருமகன் மெல்ல மெல்லக் கண்டுகொள்கிறான்.

ஸ்விஃப்ட்டின் கதியும் வேறன்று. அயர்லாந்தின் பஞ்சத்தையும் வறுமையையும் கண்டு 1729இல் 'ஓர் எளிய யோசனை' எழுதியவர் அவர். 1851இல் 'ஆங்கில நகைச்சுவையாளர்கள்' என்ற வரிசையில் உரையாற்றிய தாக்கரே, அவரை வெறிகொண்ட மனிதராகவே சித்திரித்து, 'கலிவரின் பயணங்க'ளின் இறுதிப் பகுதியைப் படிக்காதவர்கள் படிக்கவே வேண்டாம் என்று அவையோருக்கு அறிவுரை கூறினார். மண்ணீரல் நோயைப் பகடி செய்த அதே பகுதி, ஒரு நோயாளியின் பிதற்றலாகக் கணிக்கப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டது.

இவற்றிலிருந்து, கசப்போடு எழுதுபவர் எல்லோரும் நியாயமானவர் என்ற முடிவுக்கு நாம் வந்துவிடலாகாது. எதிர்ச்சான்றாகத் தாமஸ் கார்லைல் இருக்கிறார். வாழ்நாள் முழுதும் செரிமானக் கோளாறால் அவதியுற்ற அவர், விடுதலை பெற்ற மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்களை இழிவுபடுத்தி 1849 டிசம்பரில் 'ஃபிரேசர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கசப்பும் எரிச்சலும் கொப்பளிக்கும் எழுத்து அது; நம் பெயரடைக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கு கிடைப்பது அரிது. வயிற்று நோயாளியின் வாய்ப்பேச்சு என்று அதை ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கருத்து மறுக்கப்படாமலே தப்பியிருக்கும். ஜான் ஸ்டூவர்ட் மில் அதைச் செய்யவில்லை. அடுத்த மாதமே அதே இதழில், கார்லைலின் வாதங்களை வாதங்களாகவே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மறுத்து எழுதினார். நோய் என்ற தீர்ப்பு நியாயமான குறையைப் புதைக்க உதவுவதுபோலவே, அநியாயமான கருத்தை மன்னித்து விடவும் உதவும். இரண்டு வழியிலும் இழப்பது வாதமே.

ஆகவே 'ஸ்ப்ளெனெடிக்' என்ற சொல்லை விலக்கிவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. அது சுட்டும் மனநிலை உண்மையிலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் வேண்டும். ஸ்மாலெட்டின் சில கடிதங்களுக்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது. ஆனால் அது ஒரு நடையை வருணிக்கும் சொல். ஒரு கருத்தை மறுக்கும் சொல் அன்று. ஒரு மதிப்புரையில் அதைக் காணும்போது வாசகர் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: இந்தச் சொல்லுக்கு முன்போ பின்போ, குறிப்பிட்ட எழுத்தாளர் எதைப் பற்றிக் கசந்தார் என்பதை மதிப்புரையாளர் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அது விமர்சனம். சொல்லாமல் விட்டிருந்தால், அவர் ஸ்டெர்னின் வழியில் எழுத்தாளரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்.

தமிழில் இதே வேலையைச் செய்யும் சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. சிற்றிதழ் மரபில் ஊறியவர்கள் அதை நன்கறிவர்: 'காழ்ப்பு'. ஒரு நூலைக் கடுமையாக விமர்சித்த கட்டுரைக்கு எதிர்வினையாக 'இது காழ்ப்புணர்ச்சியின் வெளிப்பாடு' என்று எழுதப்படுவதை எத்தனை இதழ்களில் வாசித்திருக்கிறோம்! அதற்குப்பின் அக்கட்டுரையின் கேள்விகள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. எழுதியவரின் பழைய மனத்தாங்கல்களே பேசப்படுகின்றன. எனினும் இச்சொல்லின் வேர் ஆங்கிலச் சொல்லின் வேரிலிருந்து வேறுபட்டது. காழ் என்பது மரத்தின் வயிரம். விதையின் உட்புறக் கடினம். மண்ணீரலின் கசடுபோல் அது உடலோடு பிறந்த கோளாறன்று. மரம் ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டு முதிர்ந்த பின்பே வயிரம் பாய்கிறது. காழ்ப்பு என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போது, அது எத்தனை ஆண்டுகளில், எதனால் இறுகியது என்ற கேள்வியும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.